திருவலை ஆற்றை வீட்டிலை?

(கோயில் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘இசையின் சுகம் பெரிதும் கிடைப்பது கைபேசியிலா, வானொலியிலா?’ வானொலி அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். தேர்முட்டியடியிலை கச்சான் உடைச்சுக்கொண்டு இருக்கிற சனத்துக்குத் தனி வணக்கம். தீர்ப்பு ஐயா சொன்னாலும் கைதட்டுறது நீங்கள்தானே.

எழுதிக்கொண்டு வந்த பேச்சு வேறை. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16இலை கொழும்பிலை வானொலி துவங்கினதிலை இருந்து எல்லாம் ஒழுங்காய் அடுக்கி இருந்தது. அதை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். ஏனெண்டால் எனக்கு முதல் கதைச்ச எதிரணித் தம்பி ஒரு கல்லை எறிஞ்சுபோட்டுப் போய் இருக்கிறார். என்ன சொன்னவர்? “றேடியோவிலை பாட்டுக் கேக்கிறதும் அடுப்படியிலை தேங்காய் திருவுறதும் ஒண்டு. கால்வாசி பாட்டு, முக்கால்வாசி கொரகொரப்பு” எண்டவர். சனம் சிரிச்சது. பின்னுக்கு இருக்கிற அம்மாமார் இன்னும் கூடச் சிரிச்சவை, திருவலையிலை இருக்கிறது அவைதானே!

சரி தம்பி. கொரகொரப்பு இருக்கு. இல்லையெண்டு நான் சொல்லேல்லை. என்ரை கேள்வி ஒண்டே ஒண்டு: அந்தத் திருவலை ஆற்றை வீட்டிலை இருக்கு?

வீட்டை போய்ப் பாருங்கோ. பற்றறியிலை ஓடுற ஒரு சின்ன றேடியோவை எடுங்கோ. மத்திய அலையிலை, அதான் பெட்டியிலை MW எண்டு போட்டிருக்கிறதிலை, நிலையம் ஒண்டும் இல்லாத இடத்திலை முள்ளை நிப்பாட்டி, சத்தத்தைக் கூட்டுங்கோ. கொரகொர எண்டு கேக்கும். இப்ப மீற்றர் பெட்டியடிக்குப் போய் மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ. சத்தம் விழுந்திட்டுதோ? அப்ப கள்ளன் வீட்டுக்குள்ளை. திரும்பவும் மெயினைப் போட்டு, ஒவ்வொரு சாமானாய்ப் பூட்டிக்கொண்டு வாங்கோ. குளிரூட்டிப் பெட்டி? பெரும்பாலும் பேசாமல் இருக்கும். மின்விசிறி? ரெகுலேற்றரைப் பொறுத்தது. எல்.ஈ.டி. பல்ப்? விலை குறைஞ்சதெண்டால் கத்தும். கடைசியிலை, தம்பி, உங்கட போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கோ. அண்டைக்குத்தான் வீட்டிலை தேங்காய் திருவத் துவங்கும்!

கைதட்டலை வைச்சிருங்கோ, காரணம் சொல்லேல்லை இன்னும். அந்தச் சின்னச் சார்ஜர் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க, மின்சாரத்தைச் செக்கனுக்குப் பத்தாயிரக் கணக்கான தரம் வெட்டி வெட்டி விடுது. அந்த வெட்டிலை பிறக்கிற இரைச்சலின்ரை பேரப்பிள்ளையள், பூட்டப்பிள்ளையள் எல்லாம் மத்திய அலை இருக்கிற 531இலை இருந்து 1602 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் பரவி உக்காந்திடுதுகள். நல்ல சார்ஜருக்குள்ளை அதை மறிக்க ஒரு கம்பிச் சுருளும், கப்பாசிற்றர் எண்டுற கொள்ளளவியும் இருக்கும். மலிவுச் சாமானிலை முதலிலை மிச்சம் பிடிக்கிறது அந்த இரண்டையும்தான். மருந்து லேசு. றேடியோவைச் சார்ஜரிலை இருந்து இரண்டு மீற்றர் தள்ளி, யன்னலடியிலை வையுங்கோ. பாட்டு முடியுமட்டும் சார்ஜரைக் கழற்றுங்கோ. ஆக, றேடியோ பாட்டைக் கெடுக்கிறது ஆர்? போன்! எங்கட பாட்டுக்குள்ளை உங்கட சாமானைக் கொண்டுவந்து திருவிப்போட்டு, “பாத்தீங்களோ கொரகொரக்குது” எண்டு எங்களிலை பழி போடுறீங்கள். இது ஞாயமோ ஐயா?

இடிமின்னல் கொரகொரப்பு வேறை, அது வானத்தாலை வாறது. மழை விடுமட்டும் பொறுக்கத்தான் வேணும்.

இன்னொரு கொரகொரப்பும் இருக்கு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருப்பேக்கை மட்டும் கேக்கிறது. அது அலையிலை பிழை இல்லை. குமிழுக்குக் கீழை ஒரு கரிப்பாதையிலை உலோக நாக்கு ஒண்டு உரசிக்கொண்டு ஓடும். அந்தப் பாதையிலை தூசி. றேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் குமிழை ஒரு கரையிலை இருந்து மற்றக் கரைக்கு இருபது முப்பது தரம் திருப்பினால் பாதித் தூசி போயிடும். மிச்சத்துக்கு மின்தொடுகை துடைக்கிற ஸ்பிறே துளியளவு காணும். தேங்காயெண்ணெய் விடாதேங்கோ! முதல்நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடிச்சுப் பசையாக்கும். தம்பிக்குத் தேங்காய் நினைவு கூட, அதாலைதான் சொல்லி வைக்கிறன்.

“நிலையமே இழுக்குதில்லை” எண்டும் சொன்னவர். எப்படிப் பிடிச்சவர் எண்டு கேட்டால், ஏரியலை முழுக்க இழுத்து வானத்தைக் காட்டினவராம். அந்த இழுக்கிற கம்பி எப்.எம்.முக்கும் சிற்றலைக்கும். எப்.எம்.முக்கு முக்கால் மீற்றர் நீளம் கணக்கு. மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்குள்ளை இருக்கு: பெறைற்று எண்ட கறுப்புக் கோல், அதிலை மெல்லிய செப்புக்கம்பி சுத்தியிருக்கும். அனேகமாய்ப் பெட்டியின்ரை நீளப்பாட்டிலை படுத்திருக்கும். அதின்ரை விலாப்பக்கம் நிலையத்தைப் பாக்கவேணும். நுனி பாத்தால் ஒண்டும் வராது. அதாலை கம்பியை இல்லை, பெட்டியைத் திருப்பவேணும். யாழ்ப்பாணத்திலை இருந்து திருச்சி, 936 கிலோஹேர்ட்ஸ், வடமேற்கு. தூத்துக்குடி, 1053, மேற்குக்குக் கொஞ்சம் தெற்காலை. றேடியோவின்ரை முகமோ முதுகோ அந்தப் பக்கம் பாக்கட்டும். இரண்டு நிலையம் ஒண்டோடை ஒண்டு சண்டை பிடிச்சால், வேண்டாததுக்கு நுனியைக் காட்டுங்கோ, அது அடங்கிப்போம். பொழுதுபட்டால் இன்னும் நல்லது. வளிமண்டலத்தின்ரை உச்சியிலை மின்னேறின படையள் இருக்கு. பகலிலை மத்திய அலையை உறிஞ்சிற கீழ்ப்படை சூரியன் போனதோடை மறையும். மேற்படையிலை பட்டுத் தெறிச்சுத் தூரத்து நிலையமெல்லாம் வந்து இறங்கும்.

ஓம், மத்திய அலையிலை நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிதான், மேல்சுரக் கிணுகிணுப்பு வெட்டுப்படும். அதை ஒப்புக்கொள்ளுறன். ஆனால் ஆள் பாடுற குரல் வெட்டுப்படாமல் முன்னுக்கு வந்து நிக்கும். அதுக்கு மேலை துல்லியம் வேணுமெண்டால் எப்.எம். இருக்கு.

அலுமாரிக்கு மேலை கிடக்கிற பழசை எடுக்கப்போறவைக்கு ஒரு சொல்லு: முதலிலை பற்றறி மூடியைத் திறவுங்கோ. அல்கலைன் பற்றறி கசிஞ்சு வெள்ளையாய்ப் பூத்திருந்தால், தேசிக்காய்ப் புளியிலை தோய்ச்ச பஞ்சாலை துடைச்சு, ஈரத்துணியாலை ஒருக்கால் ஒத்தி, காயவிட்டுப் போடுங்கோ. பழசையும் புதுசையும் கலக்காதேங்கோ. பழசு முதலிலை செத்து, புதுசு அதுக்குள்ளாலை எதிர்ப்பக்கமாய் மின்சாரத்தைத் தள்ளித் திரும்பவும் கசிய வைக்கும்.

பற்றறி எண்டவுடனை இஞ்சை முன்வரிசையிலை இருக்கிறவை ஒரு சிரிப்புச் சிரிக்கினம். ஏனெண்டு எனக்குத் தெரியும். சின்னனுகள் கேளுங்கோ.

1990க்குப் பிறகு, சண்டைக் காலத்திலை, யாழ்ப்பாணக் குடாநாட்டிலை கரண்ட் இல்லை. பற்றறி தடைப்பட்ட சாமான். றேடியோ இருக்கு, நிலையம் இருக்கு, பாட்டும் இருக்கு. ஓட வைக்க ஒண்டும் இல்லை. எங்கட சனம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிட்டது! சீற்றும் ஹான்டிலும் நிலத்திலை, சில்லு இரண்டும் ஆகாயத்திலை. பின்சில்லிலை டைனமோ. ஒரு பொடியன் குந்தி இருந்து பெடலைக் கையாலை சுத்துவான். டைனமோவிலை இருந்து இரண்டு வயர் றேடியோவுக்கு.

டைனமோவை நேரே குடுக்கேலாது. அது தாறது 6 வோல்ட் ஆடலோட்டம் (ஏ.சி.), றேடியோ கேக்கிறது நேரோட்டம் (டி.சி.). மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் நாலைப் பாலமாய்க் கட்டி, அதுக்குப் பிறகு 1000 மைக்ரோபரட், 16 வோல்ட் கொள்ளளவி ஒண்டு. அது இல்லாட்டில் பாட்டுக்குப் பின்னாலை “ம்ம்ம்” எண்டு ஒருத்தர் சுருதி போட்டுக்கொண்டே இருப்பார். கொள்ளளவியின்ரை கூட்டல் கழித்தலை மாத்திக் கொழுவினால் அது வெடிக்கும். இன்னொண்டு: நாலு பற்றறி றேடியோ சின்னச் சத்தத்திலை குடிக்கிற மின்சாரம் கொஞ்சம், டைனமோ தரக்கூடியது 3 வாட்ஸ். சுமை இல்லாமல் வேகமாய்ச் சுத்தினால் வோல்ட் ஏறி றேடியோ கருகும். முன் லைற்றின்ரை பல்பைக் கழற்றாமல் விட்டால் மிச்சத்தை அது விழுங்கும். பாட்டுக்குப் பாட்டும் ஆச்சு, வெளிச்சத்துக்கு வெளிச்சமும் ஆச்சு.

இப்ப அந்த வீட்டை நினைச்சுப் பாருங்கோ. அப்பப்பா சாய்மனைக் கதிரையிலை. பேரன் பெடலிலை. நல்ல பாட்டு ஒண்டு துவங்குது. “உருட்டடா!” உருட்டுறான். பல்லவி முடியுது. கை நோகுது, மெதுவாக்குறான். பாடகர் தொண்டை கட்டினவர் மாதிரி இழுபட்டுக் கம்முறார். “டேய், உருட்டடா!” திரும்பவும் பாடகருக்கு உயிர் வருது. அனுபல்லவி. பொடியனுக்கு மூக்கு கடிக்குது. ஒரு கையாலை சொறியிறான், சங்கீதம் சரிஞ்சு போகுது. “உருட்டடா எண்டுறன்!” அப்பம்மா அடுப்படியிலை இருந்து, “அவனைப் போட்டுக் கொல்லாதேங்கோ, நான் உருட்டுறன்” எண்டு வாறா. மனுசி உருட்டின உருட்டிலை பல்ப் மின்னுது, அப்பப்பா எழும்பி, “மெதுவாய் மெதுவாய், றேடியோ எரியப்போகுது!” பாட்டு முடிய, பேரன் எழும்புறான். அறிவிப்பாளர் சொல்லுறார், “அடுத்து வருவது...” அப்பப்பா திரும்பிப் பாக்கிறார். சொல்லுங்கோ, என்ன சொல்லியிருப்பார்?

ஆ! உங்களுக்கே தெரியுது. உருட்டடா!

தம்பி, உங்கட போனிலை முப்பது செக்கனிலை பிடிக்கேல்லையெண்டு தள்ளி விடுறீங்கள். கை நோக நோக உருட்டிக் கேட்டவன் ஒரு வரியைத் தள்ளுவானோ? பிடிக்காத பாட்டையும் கேட்டான். கேட்கக் கேட்க அதுவும் பிடிச்சுப்போச்சு. நீங்கள் ஏற்கெனவே விரும்பினதையே திருப்பித் திருப்பித் தாற பெட்டிக்கு இந்த வேலை தெரியாது.

எங்கட வானொலியின்ரை பவிசும் சும்மா வந்ததில்லை. 1952இலை இந்திய வானொலி சினிமாப் பாட்டைச் சுருக்க, இலங்கை வானொலியின்ரை வர்த்தக ஒலிபரப்பு அள்ளி அள்ளிப் போட்டது. கடல் தாண்டித் தமிழ்நாடும் வடஇந்தியாவும் முள்ளை எங்கட பக்கம் திருப்பினது. 1957இலை இந்திய வானொலி விவிதபாரதி எண்ட பாட்டு ஒலிபரப்பைத் துவங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட அறிவிப்பாளர்மார் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத்... பேரைச் சொன்னாலே இஞ்சை தலையள் ஆடுது, பாருங்கோ. போனிலை பாட்டு வரும். அதைக் கொண்டுவந்து தாறதுக்கு ஒரு ஆள் வருமோ?

மணி அடிக்கிறார் ஐயா. இன்னும் ஒண்டு சொல்லிப்போட்டு இறங்கிறன்.

பிறந்தநாள் வாழ்த்து எண்டு ஒரு நிகழ்ச்சி போகும். குழந்தையின்ரை பேர், ஊர்ப் பேர். பிறகு வாழ்த்துறவை: அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, பெரியப்பா, சித்தி, மாமாமார், மச்சான்மார்... வாசிச்சு முடிய மூச்சு வாங்கும். நாங்கள் பகிடி பண்ணினம், எப்ப பாட்டு வரும் எண்டு சினந்தம். இப்ப அந்தப் பட்டியலிலை இருந்த ஆக்கள் எங்கை? ஒருத்தர் கனடாவிலை, ஒருத்தர் பாரிசிலை, ஒருத்தர் லண்டனிலை. சிலபேர் எங்கையெண்டே தெரியாது. பேரைக் கூப்பிட ஆள் இல்லாமல் எத்தினை வீடு பூட்டிக் கிடக்குது இந்த ஊரிலை. ஒருக்கால், ஒரே ஒருக்கால், அந்தப் பேரெல்லாம் ஒரு மூச்சிலை வாசிக்கிறதைக் கேக்கலாமெண்டால், எந்தத் தாய் வேண்டாமெண்டு சொல்லுவா? பாட்டே வராட்டிலும் காரியமில்லை எண்டுதான் சொல்லுவா.

இதுக்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு எண்டு எதிரணி கேக்கும். கேக்கட்டும். நடுவர் ஐயா, நீங்கள் எங்களுக்குத் தீர்ப்புத் தராட்டிலும் கோவிக்கமாட்டம். இண்டைக்கு இரவு வீட்டை போய் 936ஐ ஒருக்கால் பிடியுங்கோ. பெட்டி வடமேற்கு. தம்பியின்ரை சார்ஜரைக் கழற்றிப்போட்டு. வணக்கம்.