குமிழ் யார் கையில்?

நடுவர் ஐயாவுக்கும், இந்த மார்கழிப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற கோபிசெட்டிபாளையத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

இணைய காலத்தில் 'நாம் ஒரு நாடு' என்ற உணர்வைக் காப்பது அரசு ஊடகமா, மக்கள் கையில் இருக்கும் ஊடகமா? இதுதான் தலைப்பு. எதிரணி அக்கா 2023-ல் பரவிய வதந்தியைச் சொன்னார். போனை மக்கள் கையில் விட்டால் நாடு துண்டாகும், அரசின் ஒரே குரல்தான் நம்மைச் சேர்த்துக் கட்டும் என்றார். அக்கா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். அந்த மார்ச் மாதம் அங்கேதான் இருந்தேன்.

தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வந்தன. எங்கேயோ நடந்த சண்டையை எல்லாம் இங்கே நடந்ததாகப் போட்டிருந்தார்கள். வடக்கே பெரிய பத்திரிகையே அதைச் செய்தியாக்கியது. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிற ஒரு பையன், இருபது வயது இருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் நின்று அழுகிறான். வீடியோ காலில் அவன் அம்மா. உடனே ரயில் ஏறு என்று அவர் கதறுவது இந்தி தெரியாத எனக்கே புரிந்தது. பையன் போனைத் திருப்பிப் பிடித்தான். வரிசையாக மெஷின்கள், கட்டிவைத்த பீஸ்கள், என் டிபன் பாக்ஸ் புளிச்சோறு, அதில் பாதி அவன் தட்டில். கட்டிங் மாஸ்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, தெரிந்த நாலு இந்தி வார்த்தையில், பையன் நல்லா இருக்கான் அம்மா என்றார். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

போலீஸ் இந்தி பேசுகிறவர்களுக்கு உதவி எண் கொடுத்தது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பியது. நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரிகளும் இங்கே வந்து தொழிலாளிகளை நேரில் கேட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள்? பொய் வந்த அதே போனில்தான் உண்மையும் அந்தம்மாவின் சமையலறை வரைக்கும் போனது.

சரி, ஒரே குரல் நமக்குப் புதிதா? 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் நாட்டின் பண்பாடு வளரும் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அந்தியூர்ப் பக்கம் எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, திண்ணையில் ரேடியோவை வைத்தால், முள் இலங்கையை விட்டு நகராது. நாட்டுப்பற்றை வளர்க்கக் கிளம்பியவர்கள் நம்மாட்களை அடுத்த நாட்டு ஒலிபரப்பிடம் அனுப்பிவைத்தார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே விவித் பாரதி என்ற தனிச் சேவையைத் தொடங்கி அதே சினிமாப் பாட்டைப் போட வேண்டியதாயிற்று. இலங்கை வானொலி கேட்ட அப்புச்சிக்கு நாட்டுப்பற்று குறைந்ததா? 1962-ல் சீனா சண்டைக்கு வந்தபோது, அம்மிச்சியின் காதுத்தோட்டைக் கழற்றிப் போர் நிதிக்குக் கொடுத்த வீடுங்க அது.

பொள்ளாச்சியை மறக்க முடியுமா? 1965 பிப்ரவரி 12, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. வானொலி முழுக்க அரசிடம். செத்தவர் எத்தனை பேர் என்று அரசு சொன்ன எண் ஒன்று, ஊர் சொன்ன எண் வேறு. இத்தனை வருஷமாகியும் இரண்டும் சேரவில்லை. அன்றைக்கு அந்த வீதியில் ஒருவர் கையிலாவது போன் இருந்திருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குக் கணக்காவது மிஞ்சியிருக்கும்.

இன்றைக்கும் அதே மனசுதான். 2023 மே மாதம், அகில இந்திய வானொலியை இனி ஆகாசவாணி என்றே அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்றார்கள். வானொலி என்ற நம் சொல்லால் இந்தியாவுக்கு என்ன குறைந்துவிட்டது? அதற்கு ஒரு மாதம் முன்னால் மத்திய அரசு இன்னொரு விதி கொண்டுவந்தது. அரசைப் பற்றி இணையத்தில் வருவது பொய்யா என்பதை அரசு அமைக்கும் குழுவே முடிவு செய்யுமாம். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மூட்டை கொண்டுவந்தவரே தரமும் பார்த்து விலையும் முடிக்க விடுவோமா? 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

அலைவரிசை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனியார் எஃப்எம் தன் நிருபரை வைத்துச் செய்தி சொல்லக் கூடாது, அரசு வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். எந்த வீதியில் கரண்ட் போகும் என்று அறிவிக்கலாம். ஏன் போனது என்று விசாரித்துச் சொல்ல முடியாது.

நடுவர் ஐயா, எதிரணியிடம் எனக்காக ஒன்று கேளுங்க. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று நம் விவசாயிகளே இரண்டு பக்கமாக நின்று போராடினார்களே, அந்த இரண்டு பக்கத்தையும் கோவையின் ஒரு தனியார் எஃப்எம் செய்தியாகச் சொல்ல எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள். வணக்கமுங்க.