ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்: நெல்லை நர்ஸிங் பிள்ளைகள் ஏன் வெளிநாட்டைப் பார்க்கிறாங்க?

[காட்சி: பாளையங்கோட்டை. நர்ஸிங் மாணவிகள் தங்குற ஒரு ஹாஸ்டல் ரூம். கேமரா மெதுவா அலமாரிப் பக்கம் போகுது.]

அலமாரியில ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கு. "டெர் ஷ்ராங்க்." ஜன்னல்ல இன்னொண்ணு, "டாஸ் ஃபென்ஸ்டர்." வாசக்கதவுல "டீ ட்யூர்." ஜெர்மன் மொழியில அலமாரி ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் ரெண்டும் இல்லை.

இது என் சித்தி மக தங்கியிருந்த ரூம். இதை ஒட்டும்போது அவ பி.எஸ்சி. நர்ஸிங் ரெண்டாவது வருஷம். ஊசி போடவே கை நடுங்குற காலம்.

"ஏட்டி, படிச்சு முடிக்கதுக்குள்ள என்ன அவசரம்?"னு கேட்டேன்.

"முடிச்ச பொறவு ஆரம்பிச்சா லேட்டுக்கா. பொண்ணுன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதையே அஃறிணையில சொல்லுதான். இதெல்லாம் மண்டையில ஏற நாளாவும்லா?"

உண்மைதான். "டாஸ் மேட்ஷன்." நன்னூல் படிச்ச நமக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாத்தான் இருக்கும்.

நான் யோசிச்சது வேற. நாலு வருஷப் படிப்புல பாதி தாண்டல, அதுக்குள்ள போறதுன்னு முடிவாயிருச்சு. இது அவ ஒருத்தி கதை இல்லை. அந்த வராண்டாவுல முக்கால்வாசி ரூம்ல ஏதோ ஒரு பரீட்சைக்கு ஒரு புஸ்தகம் கிடந்தது. ஏன்?

[காட்சி: ஒரு நோட்டுப் புத்தகம். கணக்கு எழுதுற கை.]

"சம்பளம்தான்"னு சட்டுனு சொல்லிருவோம். சரி, அந்தக் கணக்கை முதல்ல முடிச்சிருவோம்.

சித்தி பீடி சுத்துறவ. மடியில தட்டை வெச்சு, இலை வெட்டி, தூள் வெச்சு, நூல் கட்டி. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் போனா தெருவுக்குத் தெரு பாக்கலாம். மக படிப்புக்கு 3 லட்சம் கல்விக்கடன். 4 லட்சம் வரை பேங்க்ல சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, அதனால கிடைச்சது. முடிச்சதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை. மாசம் 12,000. கடன் தவணை 5,000 சொச்சம், தங்கவும் சாப்பிடவும் 4,500. மிச்சம் இருக்கிற ரெண்டாயிரத்துச் சொச்சத்துலதான் பஸ், ரீசார்ஜ், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம்.

அப்ப அரசாங்க வேலை? அதையும் பாத்தாங்க. 2015-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வெச்சு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்துச்சு. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பித்தான் சேர்ந்தாங்க. 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்துல உக்காந்து போராடினது ஞாபகம் இருக்கலாம். பிறகு 14,000 ஆச்சு, 18,000 ஆச்சு. நிரந்தரம் மட்டும் காலியிடம் வர வரத்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில வேலைன்னா இன்னைக்கும் எங்க தெருவுல மரியாதையே தனி. ஆனா வரிசை நீளம்.

தனியார் சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் இல்லாம இல்லை. 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு நிபுணர் குழு போட்டாங்க. 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற ஆஸ்பத்திரிகூட 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமம்னு அந்தக் குழு பரிந்துரைச்சுது. பரிந்துரை, அவ்வளவுதான். அமல்படுத்துறது மாநிலத்தோட கையில. கேரளா 2018-ல தனியார் நர்ஸுக்குக் குறைஞ்சபட்சம் 20,000-னு அறிவிச்சுது, அதுவும் நர்ஸுகள் தெருவுக்கு வந்த பிறகு. செங்கோட்டை தாண்டினா ஆரியங்காவு. அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு.

இதோட நிறுத்தினா வீடியோ முடிஞ்சிருச்சு. ஆனா எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேத்தான் இருக்கு.

[காட்சி: நைட் டியூட்டி. நீளமான வார்டு, ஒரே ஒரு மேசை விளக்கு.]

12,000-க்கு ஏன் சேர்ந்தா? ஆஸ்பத்திரி அவளுக்குச் சம்பளத்தை மட்டும் கொடுக்கல. "ரெண்டு வருஷம் எங்ககிட்ட வேலை பாத்திருக்கா"ன்னு ஒரு தாளும் கொடுக்கப்போகுது. வளைகுடா வேலை விளம்பரத்துல பெரும்பாலும் முதல் வரியே அதுதான்: ரெண்டு வருஷ அனுபவம். அந்தத் தாளுக்காகத்தான் குறைஞ்ச சம்பளத்தைப் பொறுத்துக்கிடுறாங்க. நிர்வாகத்துக்கும் அது தெரியும். "எப்படியும் போற பிள்ளைதானே"ன்னு சம்பளம் ஏத்த மாட்டாங்க, மேல பதவியும் கிடையாது. ஏத்தலைங்கிறதால அவ போறா. அவ போன இடத்துக்கு இன்னொரு ஃப்ரெஷர், அதே 12,000-க்கு.

வெளிநாட்டுக் கனவு உள்ளூர்ச் சம்பளத்தைத் தாழ்த்தி வெக்குது. தாழ்ந்த சம்பளம் கனவை வளர்க்குது. கடைசியில யாருக்கு நட்டம்னா, படுக்கையில கிடக்கிற நமக்குத்தான்.

அவ ஒரு ராத்திரி சொன்னதை அப்படியே சொல்றேன். வார்டுல 22 நோயாளி, இவ ஒருத்தி. பொதுவான ஆஸ்பத்திரியில 5 நோயாளிக்கு ஒரு நர்ஸுங்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்கு. ரெண்டு மணிக்கு ஒரு படுக்கையில டிரிப் தீர்ந்து குழாய்ல ரத்தம் ஏறுது. எதுத்த படுக்கை தாத்தா சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டுறார். மூணாவது ஒரு அம்மா பாத்ரூம் போகணும்னு எந்திரிக்குறா, பிடிக்க ஆள் இல்லை. "முதல்ல தாத்தாவுக்கு குளுக்கோஸ் ஏத்தினேன்க்கா. அந்த அம்மா விழலை. விழாதது என் சாமர்த்தியம் இல்ல, அவங்க அதிர்ஷ்டம்." இதைச் சொல்லும்போது அவளுக்கு 22 வயசு.

வெளிநாடு போன சீனியர்களும் வேலை அதிகம்னுதான் புலம்புறாங்க. ஆனா ஒரு ஆள் தலையில இத்தனை உயிரைக் கட்டுறதில்லைங்கிறாங்க.

இன்னொரு கொடுமை. சேரும்போதே அந்த ஆஸ்பத்திரி ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் "பத்திரமா இருக்கட்டும்"னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வளைகுடாவுக்குப் போகணும்னா டேட்டாஃப்ளோன்னு ஒரு சரிபார்ப்பு உண்டு. படிச்ச காலேஜ், பதிவு செஞ்ச கவுன்சில், வேலை பாத்த ஆஸ்பத்திரி, ஒவ்வொரு இடத்துக்கும் நேரடியாக் கேட்டு உறுதி பண்ணுவாங்க. கேட்டு வந்த மெயிலுக்கு ஆஸ்பத்திரி பதில் போடணும். "இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போம்மா, அனுப்பிருதோம்"னாங்க. இருந்தா. வேற வழி?

[காட்சி: உலக வரைபடம்.]

கூப்பிடுறவங்க பக்கம் வருவோம். உலகத்துல 2023 கணக்குப்படி 58 லட்சம் நர்ஸ் பற்றாக்குறைன்னு உலக சுகாதார நிறுவனம் 2025-ல சொல்லுச்சு. பணக்கார நாடுகள்ல நூறு நர்ஸுல 23 பேர் வெளியில பிறந்தவங்க. அங்க கிழவன் கிழவி கூடிட்டாங்க, பாக்குற கை குறைஞ்சிருச்சு.

இங்கிலாந்துல புதுசா சேர்ற நர்ஸுக்கு 2025-26-ல வருஷம் 31,049 பவுண்டு. ரூபாய்ல பெருக்கிப் பாத்து வாயைப் பிளக்காதீங்க, வரி, பென்ஷன், வீட்டு வாடகை எல்லாம் பவுண்டுலதான் போகும். அங்கயும் கதவு சுருங்குது. 2024-25-ல வெளிநாட்டுல படிச்சுப் புதுசா பதிவு செஞ்சவங்க முந்தின வருஷத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைஞ்சிட்டாங்க. முதியோரைப் பாக்குற கேர் வேலைக்கு வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்கிறதை 2025 ஜூலை 22-ல நிறுத்தியே விட்டாங்க. இன்னைக்கும் எவனாவது "யூ.கே. கேர் விசா, எட்டு லட்சம்"னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசோட இமைகிரேட் இணையதளத்துல ஏஜென்ட் பேரைத் தேடிப் பாக்கலாம். தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல இருந்து இருக்கு, நம்ம பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது தெரியறதே இல்லை.

அதான் இப்ப கூட்டம் ஜெர்மனி பக்கம். அதுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு எழுதணும். எழுதுறது, படிக்கிறது, கேக்குறது, பேசுறதுன்னு நாலு பகுதி. தேர்வுக்குத் திருவனந்தபுரமோ சென்னையோ போகணும். போய்ச் சேர்ந்தாலும் படிப்புக்கு அங்கீகாரம் வர்ற வரைக்கும் உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது எல்லாம் நர்ஸ் வேலைதான் அங்க. நம்ம வார்டுல அதைக் கூட இருக்கிற சொந்தக்காரங்க செஞ்சிருவாங்க.

  

[காட்சி: நாகர்கோவில் வழியா போற வேன். பின்சீட்ல பெட்டி.]

நம்ம ஊருக்குக் கடல் கடக்குறது புதுசில்லை. கொழும்பும் ரங்கூனும் போய்ட்டு வந்த தாத்தா இல்லாத தெரு குறைவு. மேலப்பாளையம், கடையநல்லூர்ல துபாய் பேச்சு இல்லாத கல்யாண வீடு கிடையாது. அப்ப ஆம்பளை போனான், பொம்பளை காத்திருந்தா. 1895-லயே சாராள் தக்கர் பேர்ல பெண்களுக்குக் காலேஜ் வந்த ஊர் இது, பொண்ணு வேலைக்குப் போறது இங்க கொஞ்சம் முன்னாடியே பழகிருச்சு. இப்ப பொண்ணு போறா, அப்பா திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல பெட்டியைத் தள்ளிக் கொடுத்துட்டுக் கண்ணாடிக்கு வெளிய நிக்கிறார்.

என் தங்கச்சி ஜெர்மன் தேர்வுல பேசுற பகுதியில ரெண்டு தடவை தோத்துட்டா. அலமாரிக்குப் பேர் வெச்சவ இப்ப ரியாத்ல இருக்கா. கடன் அடைஞ்சிருச்சு.

போன மாசம் சித்திக்குக் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரியில சேர்த்தோம், பக்கத்துல வேற இல்லை. டிரிப் போட வந்த பிள்ளை ரெண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கல. சித்தி கையைத் தடவிக்கிட்டே கேட்டா, "எத்தனை வருஷம் ஆச்சு தாயி, வேலைக்கு வந்து?"

அந்தப் பிள்ளை மூணாவது ஊசியை உறையில இருந்து பிரிச்சுது. "இன்னும் ஏழு மாசம் இருக்கும்மா."