கர்ப்பப்பை வாயில் ‘புண்’ என்று எழுதிக் கொடுத்தால்

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, கடைசி வரிசை அக்காமார்களுக்குக் கேட்கிறதா? சரி.

என்னைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் கையில் ஒரு பழைய சீட்டு இருக்கும். அதில் ‘கர்ப்பப்பை வாயில் புண்’ என்று எழுதியிருக்கும். “டாக்டரம்மா, இது முத்தினா புற்றாயிடுமாமே, பையையே எடுத்துடச் சொல்றாங்க” என்பார்கள். பரிசோதித்தால் பலருக்கு அங்கே புண்ணே இருக்காது. கர்ப்பப்பை வாயின் உள்பக்கத்து மெல்லிய சவ்வு கொஞ்சம் வெளியே வந்து சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இளம் பெண்களிடமும் கர்ப்பிணிகளிடமும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் இது சகஜம். எந்தப் புண்ணியவான் இதற்குப் புண் என்று பெயர் வைத்தாரோ! அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சிவப்பெல்லாம் சும்மாதானா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் டெஸ்ட்.

ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் தெரியுமில்லையா? கிட்டத்தட்ட அதே அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் காத்திருப்போம். செல்கள் மாறத் தொடங்கியிருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே இதைச் செய்யலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸ்கள்தான் இதைச் செய்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இவ்வளவு.

வெள்ளையாகத் தெரிந்தால் வீட்டுக்குப் போய் அழ வேண்டாம். அதுவே புற்றுநோய் ஆகிவிடாது. அடுத்து கால்போஸ்கோப் என்ற பூதக்கண்ணாடிக் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதை எடுத்துச் சோதிப்போம். புற்றாவதற்கு முந்தைய நிலை மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ அழித்துவிடலாம், இல்லை சிறு வளையத்தால் வெட்டி எடுக்கலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். அப்புறம் சில வாரம் தண்ணீர் போலப் படும், அது சரியாகிவிடும்.

செல்கள் இப்படி மாறுவதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்தியத்தில் ஈடுபடும் யாருக்கும் தொற்றலாம், அதனால் யாருடைய நடத்தையையும் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். தங்கிப்போனால்தான் வம்பு, அதுவும் புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். அதனால்தான் ஒரு தொந்தரவும் இல்லாத முப்பது வயதிலேயே வரச் சொல்கிறோம். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவற்றைச் ‘சூடு’ என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த வாரமே வாருங்கள். சும்மா பரிசோதனைக்கு என்றால் தீட்டு நாளை விட்டு வந்தால் போதும். கர்ப்பப்பை எடுத்தவர்கள் அந்த ஆபரேஷன் சீட்டையும் கொண்டுவாருங்கள். வாயோடு சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று பார்த்துத்தான் டெஸ்ட் வேண்டுமா இல்லையா என்று சொல்ல முடியும்.