முரசொலியில் விடிந்த பாசறை

நேயர்களுக்கு என் வணக்கம். போர் வரலாறு என்றாலே நம் மனம் போர்க்களத்தை நோக்கி ஓடிவிடுகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் படைவீரன் தன் நாட்களில் பெரும்பகுதியைக் கழித்தது பாசறையில்தான். அந்தப் பாசறை வாழ்வே என்னை நெடுங்காலமாக ஈர்த்து வருகிறது.

பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கா நடத்திய விடுதலைப் போரில், 1777 டிசம்பர் 19 அன்று ஜார்ஜ் வாஷிங்டனின் படை, குளிர்காலத்தைக் கழிக்கப் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜை அடைந்தது. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. ஆயினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நோயால் மாண்டனர். 1778 பிப்ரவரியில் வந்து சேர்ந்த ஸ்டாய்பன் என்ற பிரஷ்ய அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஏறத்தாழ நூறு பேரைத் தேர்ந்து, உடனிருந்தோர் மொழிபெயர்க்க, தாமே நேரில் நின்று பயிற்றுவித்தார். சமையலிடம் ஒருபுறமும் கழிப்பிடக் குழிகள் வெகுதொலைவில் மறுபுறமும் இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் எழுதி 1779இல் அமெரிக்கக் காங்கிரசு ஏற்ற படைவிதிகளில், நான் மீண்டும் மீண்டும் படிப்பது முரசொலிகளைப் பற்றிய பகுதியையே. ஆலைச் சங்கு ஊதியதும் வேலைக்குக் கிளம்பிய தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைக்கடிகாரம் இல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு முரசே கடிகாரம். பொழுது புலரும்போது ஒரு முழக்கம்: வீரர்கள் எழ வேண்டும். பெயர் அழைத்து ஆட்களைப் பார்வையிட இன்னொன்று. கதிரவன் மறைகையில் மற்றொன்று: அப்போது மீண்டும் பெயர் அழைத்து, அன்றைய ஆணைகளைப் படித்துக் காட்டுவார்கள். இரவு முழக்கம் கேட்டபின், விடியும்வரை எவரும் கூடாரத்தைவிட்டு வெளியேறக் கூடாது. ஒவ்வொன்றின் தாளமும் வேறு என்பதால், இருட்டிலும் செவி ஒன்றைக் கொண்டே வீரன் தன் கடமையை அறிந்துகொண்டான்.

முழுப்படையும் புறப்பட வேண்டிய நாளில் மட்டும் ஒலிக்கும் முழக்கம் ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் வீரர்கள் உடையணிந்து, கூடாரங்களைப் பிரித்து, மூட்டைமுடிச்சுகளை வண்டியில் ஏற்ற வேண்டும். காவலரையும் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முழக்கத்துக்கு அணிவகுப்பு. ஆணையைக் கூவிச் சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

படைநடையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. எடுத்துவைக்கும் ஓர் எட்டு இரண்டடி நீளம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 எட்டுகள் என்பது விதி. வேலி ஃபோர்ஜில் பயின்ற படை 1778 ஜூன் 19 அன்று அங்கிருந்து புறப்பட்டது. ஒன்பதாம் நாள் நியூ ஜெர்சியின் மான்மத் என்ற இடத்தில், கொளுத்தும் வெயிலில், பின்வாங்கி வந்த அணிகள் மீண்டும் வரிசைகொண்டு பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றன. நன்றி, வணக்கம்.