துரோகியை எங்கே உட்கார வைத்தான்?

நண்பர்களே, வணக்கம்.

வண்டியாகவும் ஆயுதமாகவும் விலங்காகவும் உருமாறும் ரோபோக்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸின் ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் ஐந்து மெகாட்ரான்கள் வந்துவிடுவார்கள். யார் சிறந்த வில்லன் தலைவன் என்ற வழக்கு தீர்ப்பில்லாமல் நீண்டுகொண்டே போகிறது. 1984-இல் முதல் கார்ட்டூன் தொடங்கியபோது இந்த வழக்கே கிடையாது. வில்லன் அணியான டிசெப்டிகான்களுக்கு இருந்தது ஒரே தலைவன், மெகாட்ரான். 1986-இல் திரைப்படம் வந்து அந்தத் தலைவனை விண்வெளியில் வீசி எறிந்த பிறகுதான் நமக்குச் சண்டை போடக் காரணம் கிடைத்தது. கடையில் பழைய பொம்மைகளின் இடத்தில் புதிய பொம்மைகள் வர வேண்டியிருந்தது என்பது வேறு கதை. சிறுவர்களின் கண்ணீருக்கு வியாபாரக் காரணம் ஒரு சமாதானமா என்ன?

இந்த வழக்கில் வழக்கமாக வைக்கப்படும் வாதம் எனக்கு எப்போதும் உறுத்தும். "கால்வட்ரானின் பீரங்கி பெரியது", "மெகாட்ரான் ஆப்டிமஸ் பிரைமை வீழ்த்தினான்" என்று பட்டியல் போடுகிறார்கள். (கால்வட்ரான், மெகாட்ரானே பின்னால் எடுத்த மறுவடிவம்; ஆப்டிமஸ் பிரைம், எதிரணியான ஆட்டோபாட்களின் தலைவன்.) பீரங்கி பெரியதாக இருந்தால் பீரங்கியைப் பாராட்டிவிட்டுப் போகலாமே! நாம் தேடுவது தலைவனை. டிசெப்டிகான் என்ற பெயரிலேயே வஞ்சகம் இருக்கிறது. அந்தப் படையில் அறத்துக்காகச் சேர்ந்தவன் அரிது. அதிகாரத்தின் வாசனை பிடித்து வந்தவர்களே மிகுதி. அப்படிப்பட்ட கூட்டத்தில் தலைவனை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: பக்கத்தில் நிற்கும் துரோகியை அவன் என்ன செய்தான்?

இந்த அளவுகோலை முதல் மெகாட்ரான் மேல் வைத்துப் பாருங்கள். அவன் துப்பாக்கியாக மாறுகிறவன். ஜப்பானின் டகாரா நிறுவனம் மைக்ரோமேன் வரிசையில் செய்த கைத்துப்பாக்கிப் பொம்மையைத்தான் ஹாஸ்ப்ரோ நிறுவனம் மெகாட்ரான் ஆக்கியது. துப்பாக்கி தானாகச் சுடுவதைவிட இன்னொருவன் பிடித்துச் சுடுவதுதானே வழக்கம்? அந்தக் கை பல நேரம் யாருடையது? அவனுடைய துணைத்தலைவன் ஸ்டார்ஸ்க்ரீமுடையது! தன் நாற்காலியைத் தினமும் குறிவைப்பவன் கையில் தன்னையே ஆயுதமாகக் கொடுத்தவன் உலகக் கதைகளில் வேறு யாராவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். உடனே யாரும் நினைவுக்கு வரவில்லை.

1986 படத்தைப் பாருங்கள். ஆட்டோபாட் விண்கலத்துக்குள் டிசெப்டிகான்கள் புகுகிறார்கள். மெகாட்ரான் துப்பாக்கியாக மாறி ஸ்டார்ஸ்க்ரீமின் கைக்குப் போகிறான். அந்தக் கை சுடுகிறது. நமக்குப் பிரியமான ஆட்டோபாட்கள் விழுகிறார்கள். அடுத்து ஆப்டிமஸ் பிரைமுடன் கடும் சண்டை, மெகாட்ரான் குற்றுயிராகிறான். திரும்பும் வழியில், தங்களைச் சுமந்து வரும் ஆஸ்ட்ரோட்ரெயினின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். அவனை வெளியே தள்ளுவது யார்? சற்று முன் அவனையே ஆயுதமாக ஏந்திய அதே ஸ்டார்ஸ்க்ரீம். இது திடீரென நடந்த துரோகம் அல்ல. கார்ட்டூனில் எத்தனை முறை அவன் பதவியைப் பறிக்கப் பார்த்தான்! ஒவ்வொரு முறையும் மெகாட்ரான் திட்டினான், மிரட்டினான், பிறகு அதே இடத்தில் உட்கார வைத்தான். சிலர் இதைத் தன்னம்பிக்கை என்கிறார்கள். நான் இதைச் சோம்பல் என்கிறேன். உட்பகையை அடக்காமல் பழக்கிக்கொண்டவன் அவன்.

ஸ்டார்ஸ்க்ரீமைத் தலைவனாக முன்மொழிகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். முடிசூட்டு விழா நடத்திக்கொண்டான் என்பது உண்மை. அந்த விழாவிலேயே, கிரகங்களை விழுங்கும் யூனிக்ரானால் புதிதாக்கப்பட்டுக் கால்வட்ரானாக வந்த பழைய தலைவன் அவனைச் சாம்பலாக்கியதும் உண்மை. கிரீடம் தரையில் உருண்டது. விழா முடியும் வரைகூடப் பதவியில் இருக்காதவனைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

அப்படியானால் கால்வட்ரான் பாடம் கற்றுக்கொண்டான் அல்லவா என்பீர்கள். இல்லை. துரோகியைக் கொன்றவன், தொடர்ந்து வந்த கார்ட்டூனில் விசுவாசிகளையும் சுட ஆரம்பித்தான். சைக்ளோனஸ் என்ற தளபதியை நினைத்துப் பாருங்கள். தலைவன் நிலைதடுமாறிவிட்டான் என்று தெரிந்தும் விட்டுப் போகாதவன். நம் கும்பகருணனின் சாயல் அவனிடம் உண்டு. ஒரு கட்டத்தில் மனநோயைக் குணப்படுத்தும் கிரகம் ஒன்றுக்குத் தலைவனை அழைத்துச் செல்கிறான். கால்வட்ரான் குணமாகவில்லை, அந்தக் கிரகத்தைத்தான் அழித்துவிட்டு வந்தான். சைக்ளோனஸுக்காக நான் பரிதாபப்படுகிறேன். அவன் தலைவனுக்கு என் ஓட்டு இல்லை.

ஷாக்வேவ் என்ற இன்னொரு டிசெப்டிகானின் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூனில் நாற்பது லட்சம் ஆண்டுகள் தாய்க்கிரகமான சைபர்ட்ரானைக் காவல் காத்துக்கொண்டு தலைவன் வரவுக்காகக் காத்திருந்தவன் அவன். மார்வெல் காமிக்ஸிலோ, தர்க்கம் தன் பக்கம் என்று சொல்லித் தலைமையைப் பறித்துக்கொண்டான். ஒரே பாத்திரம் ஒரு பக்கம் பரதன், மறுபக்கம் துரோகி. எனக்குக் காவல்காரனைத்தான் பிடிக்கும்.

இப்போது என் வேட்பாளர். 1996-இல் வந்த பீஸ்ட் வார்ஸ் தொடரின் மெகாட்ரான். அவன் பழைய மெகாட்ரான் அல்லன். டிசெப்டிகான்களின் வழிவந்த பிரெடகான் கூட்டத்தில் பிறந்து அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டவன், டைனோசராக மாறுகிறவன். டேவிட் கேயின் குரலில் அவன் "யெஸ்ஸ்" என்று இழுப்பதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அவனுடைய படையைப் பாருங்கள். டெரர்சார் பதவிக்கு அலைகிறவன். டரான்டுலஸ் தனக்கென்று தனித் திட்டம் பின்னும் சிலந்தி. வாஸ்பினேட்டர் வாரம் ஒரு முறை துண்டு துண்டாகிறவன். இன்ஃபெர்னோ தன்னை நிஜ எறும்பாக எண்ணிக்கொண்டு தலைவனை ராணி என்று அழைக்கிறவன்! தலைவனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்தப் பைத்தியக்கார விசுவாசத்தை அவன் வீணாக்கவில்லை.

அதே படையின் டைனோபாட் முதல் அத்தியாயத்திலேயே எதிர்த்து நின்று எதிரணிக்குப் போனவன். பின்னொரு நாள் திரும்பி வந்தபோது மெகாட்ரான் சேர்த்துக்கொண்டான், ஆனால் நம்பிவிடவில்லை. பிடிபட்ட எதிரணி வீரன் ரேட்ராப்பைக் கொன்று காட்டு என்றான். டைனோபாட்டால் முடியவில்லை, சாயம் வெளுத்துவிட்டது. முதல் மெகாட்ரான் ஸ்டார்ஸ்க்ரீமுக்கு இப்படி ஒரு சோதனை வைத்திருந்தால் 1986-இல் விண்வெளியில் மிதந்திருப்பானா?

பூமியின் பழங்காலத்துக்கு வந்து சேர்ந்த பீஸ்ட் வார்ஸ் மெகாட்ரான், வரலாற்றை மாற்றும்போதும் இதே முறையைத்தான் கையாண்டான். தங்கத் தகட்டில் பதிந்த எதிர்காலத்தை மாற்ற முடியுமா என்று அறிய முதலில் ஒரு மலையைத் தகர்த்தான். தகட்டில் இருந்த மலையின் படமும் மாறியது. அதன் பிறகுதான் உறங்கிக்கிடந்த ஆப்டிமஸ் பிரைமை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினான். பதறாமல், சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்த கொடுமை அது. வில்லனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

தோற்றான், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் விண்கலத்தின் வெளிப்புறத்தில் கட்டிவைத்துத்தான் அவனைக் கொண்டுபோனார்கள். ஆனால் கொண்டுபோனவர்கள் எதிரிகள். தன் ஆட்கள் தூக்கி எறியவில்லை.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். ஸ்டார்ஸ்க்ரீம் கட்சிக்காரர்கள் மட்டும் தயவுசெய்து என் எதிரில் வந்து நின்று பேசுங்கள்; முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.