பேண்ட் சைஸ் 34, இடுப்பு 37

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி அக்கா இப்போதுதான் பொரிந்து தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்தார். தனக்குச் சர்க்கரை நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்பது இன்றைய இளைஞருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. சான்று? காபியில் சர்க்கரை போடுவதில்லை, கையில் ஸ்மார்ட் வாட்ச், கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்குகிறார்கள். சரி. ஜாங்கிரியை ஒதுக்கிய அதே இலையில் சாதம் எத்தனை தடவை விழுந்தது என்று அக்கா கவனிக்கவில்லை போலிருக்கிறது.

என் அக்கா மகனுக்கு 26 வயது. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. அப்பா, அம்மா இருவருக்கும் சுகர். "உனக்குடா?" என்றேன். "நான் ஒல்லிதானே மாமா, பேண்ட் சைஸ் 34" என்றான். இஞ்ச் டேப்பை எடுத்து விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றினேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். விடுடா என்றேன். விட்டான். 37! தொப்பைக்குக் கீழே பேண்ட்டை இறக்கிப் போடுகிறவனுக்கு ரெடிமேட் கடைக்காரர் சொல்வதுதான் இடுப்பளவு. நம்மவர்களுக்குக் கை, கால் மெலிந்தே இருக்கும். கொழுப்பு வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இன்சுலினை வேலை செய்ய விடாது.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் நம் சென்னைக்காரர்களை வைத்தே ஒரு மதிப்பெண் கணக்கு போட்டது. ரத்தம் எடுக்க வேண்டாம், நாலே கேள்வி. பையனுக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 35க்குள், அதற்குச் சுழியம். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தொட்டாலே 10, இவனுக்கு 94. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது: 30. பெற்றோர் இருவருக்கும் இருப்பதால் 20. மொத்தம் 60. அறுபது வந்தாலே அதிக அபாயம். இன்ஜினியரிங்கில் எட்டாத ஃபர்ஸ்ட் கிளாஸ் இதில் வந்துவிட்டது!

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எங்க வீட்டுல எல்லாருக்கும் 50க்கு மேலதான் வந்துச்சு மாமா." சுகரைப் பென்ஷன் மாதிரி நினைக்கிறான், வயதானால் தானாக வரும் என்று.

உடம்பு ஏதாவது காட்டினால் உடனே டெஸ்ட் எடுப்பார்கள் என்றார் எதிரணி அக்கா. தாகமும் அடிக்கடி பாத்ரூம் போவதும் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகு வருகிறவை. அதற்கு முந்தைய படியில், அதாவது சர்க்கரை கொஞ்சம் கூடியும் நோயாக மாறாத நிலையில், பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அந்தப் படியில் நிற்பவர்கள் நாட்டில் 13.6 கோடிப் பேர் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது; நோய் வந்துவிட்டவர்களோ 10.1 கோடி.

டெஸ்ட் எடுத்தானா என்று நடுவர் கேட்கிறார். கையைப் பிடித்து இழுத்துப் போய் எடுக்க வைத்தேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 5.9 சதவீதம். 5.7 வந்தாலே அந்தப் படிதான். "பார்டர்தானே மாமா" என்று சொல்லிக்கொண்டே பரோட்டா ஆர்டர் போட்டான். இவனைத்தான் அக்கா எல்லாம் அறிந்தவர்கள் பட்டியலில் சேர்க்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணியில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் தம்பி, நான் டேப் என்று சொன்னதிலிருந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கொஞ்சம் விடச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.