கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஜெயித்தார்!

ஒரு ஜோடிகூடச் சேராத சீட்டோடு, தன்னிடமிருந்த சில்லுகள் அத்தனையையும் பந்தயம் கட்டினார் ஒரு கணக்காளர். எதிரே இருந்தவரிடம் அவரைவிட நல்ல சீட்டு. ஜெயித்தது யார்? சொல்கிறேன். அதற்கு முன் போக்கர் சீட்டாட்டத்தின் விதிகளை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம்.

போக்கரில் பல வகை உண்டு. நாம் பார்க்கப்போவது டெக்சஸ் ஹோல்டெம். 52 சீட்டுகள், ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் பொதுச் சீட்டுகள் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று எனத் திறக்கும். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம்: எதிராளி கட்டியதற்கு ஈடு கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம்.

எந்தக் கை பெரியது? பட்டியலை உருப்போட வேண்டாம். எது அரிதோ அதுவே பெரியது. ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஒரே இனத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் சேர்கிற ராயல் ஃபிளஷ் வெறும் 4! ரம்மி ஆடியவர்கள் வரிசை சேர்ந்தால் துள்ளுவார்கள். பொறுங்கள். ஐந்து சீட்டும் அடுத்தடுத்த எண்ணாக வருகிற வரிசை 10,200 விதமாக அமையும். ஐந்தும் ஒரே இனமாக வருகிற ஃபிளஷ் 5,108 விதம்தான். ஆகவே ஃபிளஷ்தான் மேல்.

சரி, கதைக்கு வருவோம். 2003, லாஸ் வேகாஸ், போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேரில் மிஞ்சியது இருவர். ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. மற்றவர் இணைய ஆட்டத்தில் ஜெயித்து உள்ளே வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயர்தான், நான் வைத்ததல்ல!

(திரையில் பொதுச் சீட்டுகள்: ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, ஹார்ட் 3)

மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் ஹார்ட் 7-ம். நான்காவது பொதுச் சீட்டு வந்தபோது ஃபிளஷுக்கும் ஒன்றுதான் குறை, வரிசைக்கும் ஒன்றுதான் குறை. கடைசிச் சீட்டு இரண்டையும் கெடுத்தது. ஃபர்ஹாவிடமோ இரண்டு 9 சேர்ந்த ஜோடி. மணிமேக்கர் இருந்த அத்தனையையும் கட்டிவிட்டார். ஃபிளஷ் தவறிவிட்டதோ என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்கிறார். எதிரே கறுப்புக் கண்ணாடி, பதில் இல்லை. யோசித்து யோசித்து, கடைசியில் ஃபர்ஹா ஜெயிக்கிற சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார், பந்தயம் மணிமேக்கருக்கு!

எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஃபர்ஹாமீதுதான் பரிதாபம். ஊகம் சரி, கைதான் துணியவில்லை. சிறிது நேரத்தில் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்கு.

அந்த 9 ஜோடி உங்களிடம் இருந்திருந்தால் ஈடு கட்டியிருப்பீர்களா? உண்மையைக் கமெண்டில் எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் வீரர்கள்தான், அது எனக்கும் தெரியும்.